இறங்கும் காலுக்கு மிச்சம் வையுங்கள்

மலையேற்றம்: வாசகர் கேள்வி – பதில்

மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏறிய மலைகளைப் பற்றி இங்கே எழுதத் தொடங்கியதில் இருந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் மலையில் இருந்து இறங்கும்போது பட்ட பாட்டைப் பற்றியவை. அதனால் அதில் இருந்தே தொடங்குகிறேன்.

டீச்சர், வணக்கம். எனக்கு வயது 46. போன மாதம் நண்பர்களோடு வட்டக்கானலில் இருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு நடந்தோம். இதற்காக மூன்று மாதம் தினமும் அலுவலகத்தில் ஆறு மாடி படியேறிப் பழகினேன். எல்லாம் இறக்கம்தானே என்று தைரியமாகப் போனேன். ஆனால் மறுநாள் கட்டிலில் இருந்து எழுந்திருக்கவே முடியவில்லை. தொடை கல்லாகிவிட்டது. இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துவிட்டன. என்ன தப்பு செய்தேன்?
– வாசகர், திருமங்கலம்

தம்பி, ஆறு மாடி ஏறினீர்கள், சரி. இறங்கினது எதில்? லிஃப்டில்தானே? கடிதத்தில் அது இல்லை, ஆனால் உங்கள் தொடை சொல்கிறது.

வட்டக்கானலை ஒட்டிய கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கும்பக்கரை மலையின் காலடி. இடையில் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் உயரத்தை ஒரே நாளில் இறங்கியிருக்கிறீர்கள். ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். அப்படி நீளும்போது பாரம் தாங்குவதில்தான் தசை நாரில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. மூச்சு வாங்காது, நெஞ்சு படபடக்காது, அதனால் சுலபமாக இருப்பதாகத் தோன்றும். வலி இரண்டாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும். நாலைந்து நாளில் தானாக அடங்கிவிடும், பயப்படாதீர்கள். சிறுநீர் மட்டும் கட்டங்காப்பி நிறத்தில் போனால் ஒரு நாளும் காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

நகம் கறுத்ததற்குக் காரணம் ஷூவின் முனை. இறக்கத்தில் பாதம் முன்னால் சறுக்கிச் சறுக்கி ஆயிரக்கணக்கான தடவை மோதியிருக்கிறது. எனக்கும் இது நடந்திருக்கிறது. சிறுமலையில் இருந்து இறங்கிய ஒரு நாளில் இரண்டு நகம் போய், புதிதாக முளைத்து வர ஒரு வருஷம் ஆனது. அதற்கப்புறம் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னதாக நகத்தை ஒட்ட வெட்டிவிடுவேன். இறங்கத் தொடங்கும் இடத்தில் எல்லாரையும் உட்கார வைத்து, குதிகாலைத் தரையில் நாலு தட்டு தட்டிப் பின்னால் தள்ளி, கணுக்கால் பக்கம் ஷூ நாடாவை இறுக்கிக் கட்டச் சொல்வேன். இரண்டு நிமிஷ வேலை.

வெள்ளகவிக்காரர்கள் இறங்குவதைக் கவனித்தீர்களா? நான் போனபோது ஊருக்கு ரோடு கிடையாது, காப்பியும் பழமும் குதிரை முதுகிலும் ஆள் தலையிலும்தான் போயின. தலையில் மூட்டையோடு ஒரு அம்மா எனக்கு முன்னால் இறங்கியதை நான் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே போனேன். நாம் ஒரு எட்டு வைக்கிற இடத்தில் அவர் மூன்று எட்டு வைத்தார். முழங்கால் ஒரு தடவைகூட விறைத்து நிற்கவில்லை, எப்போதும் ஒரு மடிப்பு இருந்தது. உயரமான கல் வந்தால் நேராகக் குதிக்காமல் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி இறக்கினார். ஊருக்குள் அவர்கள் செருப்புப் போடுவதில்லை, நம்மையும் கழற்றச் சொல்வார்கள். கழற்றிவிட்டு நடக்கும்போது நமக்கும் தானாக அந்தச் சின்ன எட்டு வந்துவிடுகிறது.

அடுத்த முறைக்கு ஆறு வாரம் இப்படிப் பழகுங்கள். ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவிலில் மேலே ராக்காயி அம்மன் கோவில் வரைக்கும் வண்டியில் போங்கள். நூபுர கங்கையில் முகம் கழுவிவிட்டு, அடிவாரம் வரைக்கும் நடந்தே இறங்குங்கள். மற்ற நாளில் அலுவலகத்தில் லிஃப்டில் ஏறிப் படியில் இறங்குங்கள், ஒவ்வொரு படிக்கும் மனசுக்குள் மூன்று எண்ணி. கையில் இரண்டு கம்பு இருந்தால் முழங்காலின் பாரம் நன்றாகக் குறையும். கடையில் வாங்கும் கம்புதான் வேண்டும் என்று இல்லை, நெஞ்சுயர மூங்கில் போதும்.

நான் கல்லூரி மாணவன். நண்பர்களோடு யானைமலை ஏறுவேன். மொட்டைப் பாறையில் கையை ஊன்றி ஏறும் இடம் வந்தால் கால் தையல் மெஷின் மாதிரி ஆடுகிறது. பயத்தாலா, பலம் இல்லாததாலா?
– வாசகர், ஒத்தக்கடை

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். ஆனால் முதல் காரணம் உன் குதிகால். முன்பாதத்தில் மட்டும் நின்றால் கெண்டைக்கால் தசை களைத்து ஆடத் தொடங்கும். குதிகாலை இறக்கு, ஆட்டம் நிற்கும். பயத்தில் எல்லாரும் பாறையோடு நெஞ்சை ஒட்டிப் படுத்துக்கொள்கிறார்கள். அப்படிப் படுத்தால் பாதத்தில் இருந்து பாரம் விலகிச் சறுக்கிவிடும். இடுப்பைப் பாறையில் இருந்து தள்ளி, பாதத்துக்கு நேர் மேலே உடம்பை நிறுத்து. பாரம் முழுக்கப் பாதத்தில் இறங்கினால்தான் ஷூ பாறையைப் பிடிக்கும். இரண்டு கை, இரண்டு கால், இந்த நாலில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நகர்த்து.

பாறையில் மேலிருந்து கீழே கறுப்பாகக் கோடு ஓடும், பார்த்திருப்பாய். அது மழைத் தண்ணீர் வடிகிற தடம். பாசி காய்ந்து கறுத்துக் கிடக்கும். காய்ந்தபோதே நம்பக்கூடாது, நனைந்தால் எண்ணெய் ஊற்றின மாதிரி. வெளுத்துச் சொரசொரப்பாக இருக்கும் இடத்தில் மட்டும் கால் வை. கையால் பிடிக்கும் கல்லை முதலில் உள்ளங்கையால் தட்டிப் பார். பானையைத் தட்டின மாதிரி சத்தம் வந்தால் அது பாறையோடு ஒட்டி இல்லை, விட்டுவிடு.

என் பிள்ளைகளுக்கு ஒரு கண்டிப்பு வைத்திருந்தேன். புது இடத்தில் ஐந்தடி ஏறியதும் நின்று, அந்த ஐந்தடியைத் திரும்ப இறங்கிக் காட்ட வேண்டும். இறங்க முடிந்தவள் மட்டும் மேலே போகலாம். ஏறும்போது பிடி எல்லாம் கண்ணுக்கு எதிரே தெரியும். இறங்கும்போது கால் வைக்கிற இடம் தெரியாது. பாதி உயரத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. அந்த மலையில் சமணர் படுக்கைகளும் தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டும் இருக்கின்றன. கீழே நரசிங்கத்தில் இருக்கும் குடைவரை பாண்டியர் காலத்தது, 770-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. எந்தக் கல்லிலும் பெயர் கீறாதே, கீறுகிறவனோடு போகாதே.

சதுரகிரியில் நாம் நிற்கிற இடத்தில் மழையே இல்லாதபோதும் ஓடையில் வெள்ளம் வரும் என்கிறார் என் மாமியார். உண்மையா?
– வாசகி, உசிலம்பட்டி

உண்மைதான் அம்மா, அவர் சொல்வதைக் கேளுங்கள். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் மேற்கே உச்சியில் இடி மழை கொட்டும். அங்கே பெரும்பாலும் பாறை, தண்ணீரைக் குடிக்காது. பெய்தது அத்தனையும் குறுகலான ஓடைகளில் திரண்டு இறங்கும். 2015 மே மாதம் இப்படித் திடீரென்று வந்த வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள்.

அதற்குப் பல வருஷம் முன்னால் பத்தொன்பது பிள்ளைகளோடு நான் அங்கே இருந்தேன். காலையில் தாணிப்பாறையில் இருந்து ஏறும்போது மாங்கனி ஓடையில் கணுக்கால் தண்ணீர். நடுவில் ஆட்டுக்கல் மாதிரி ஒரு பாறை, அதன் மேல் பிள்ளைகள் முறை வைத்து உட்கார்ந்து கால் நனைத்தார்கள். மேலே சுந்தர மகாலிங்கத்தைக் கும்பிட்டு, மடத்தில் சாப்பிட்டுவிட்டு இறங்கினோம். எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். ஓடைக்கு நூறு அடி இருக்கும்போதே சத்தம் மாறியிருந்தது. காலையில் சலசலப்பு, இப்போது லாரி போகிற மாதிரி அடித்தொண்டையில் ஒரு உறுமல். போய்ப் பார்த்தால் தண்ணீர் டீ நிறத்தில் இலையும் சுள்ளியுமாக வருகிறது. அந்த ஆட்டுக்கல் பாறையைக் காணோம்.

சிலர் கையைக் கோத்துக்கொண்டு எங்கள் கண் முன்னால் கடந்து போனார்கள். எங்களோடு வந்திருந்த ஒரு பெரியவர், அவர்களே போகிறார்களே, பஸ் காத்திருக்கிறது, பெற்றோர் என்ன நினைப்பார்கள் என்று என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார். நான் பிள்ளைகளை மேட்டில் உட்கார வைத்துவிட்டேன். வேகமாகப் போகும் தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே பெரிய ஆளைச் சாய்த்துவிடும். கோத்த கையில் ஒருத்தர் விழுந்தால் பக்கத்தில் இருப்பவரையும் இழுத்துக்கொண்டு போவார். தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு, கால் மணிக்கு ஒரு தடவை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி நேரம். வேகமாக ஏறுகிற மலை ஓடை வேகமாகவே வடியும். குச்சி கரையில் காய்ந்து நின்றது, ஆட்டுக்கல் தலை தெரிந்தது, கடந்தோம். அடிவாரம் சேர இரவு எட்டு மணி. கையில் நாலு டார்ச் இருந்ததால் ஒரு பிள்ளைக்கும் காயம் இல்லை. பகலில் திரும்பிவிடுவோம் என்று அவற்றைக் கொண்டுவராமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

இப்போது அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தில் இருக்கிறது. எந்த நாள், எத்தனை மணி வரை விடுவார்கள் என்பதை வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மழை என்று மறித்தால் தர்க்கம் பண்ணாமல் திரும்புங்கள். மாமியாரையும் கூட்டிப் போகிறீர்கள் என்றால், மதியம் பன்னிரண்டுக்குள் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். அதற்குள் எவ்வளவு தூரம் ஏறினீர்களோ அவ்வளவுதான் அன்றைக்கு.

என் மகள் தோழிகளோடு குரங்கணிப் பக்கம் மலையேறப் போக வேண்டும் என்கிறாள். 2018 தீ விபத்தை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. போக வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?
– வாசகி, மேலூர்

2018 மார்ச் 11-ஆம் தேதி நடந்த அந்தத் தீயில் 23 பேர் இறந்தார்கள். அதில் பல பிள்ளைகள் உங்கள் மகள் வயது. நீங்கள் பயப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் போகாதே என்பதைவிட, நாலு கேள்வி கேளுங்கள் அம்மா. எந்த மாதம்? வனத்துறை அனுமதி இருக்கிறதா? கூட வரும் வழிகாட்டி அந்த மலை அடிவாரத்து ஆளா? எத்தனை மணிக்குத் திரும்புவதாக முடிவு செய்திருக்கிறார்கள்?

மாசி, பங்குனியில் மலை முழுக்கப் புல் காய்ந்து கிடக்கும். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், ஏனென்றால் சுவாலை சாய்ந்து மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடுகிறது. மேல்நோக்கி ஓடும் மனுஷருக்கு அந்த வேகம் வராது. அதனால் அந்த மாதங்களில் எவ்வளவு நல்ல குழுவாக இருந்தாலும் அனுப்பாதீர்கள். மற்ற காலத்தில், 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளோடு தொடங்கிய மலையேற்றத் திட்டம் இருக்கிறது. ஆன்லைனில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம். முதல் தடவை என்றால் குரங்கணி எதற்கு? நம் வாடிப்பட்டிப் பக்கம் குட்லாடம்பட்டியில் தாடகை மலைப் பாதை இருக்கிறது, காலையில் போய்விட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். நீங்களும் கூடப் போங்கள். ஒரு நாள் நீங்களே நடந்து பார்த்தால், அவளிடம் கேட்க இன்னும் நல்ல கேள்விகள் கிடைக்கும்.

இமயமலையில் 3,800 மீட்டர் உயரத்துக்கு மலையேறப் பதிவு செய்திருக்கிறேன். கொடைக்கானலில் நடந்து பழகினால் அந்த உயரத்துக்கு உடம்பு தயாராகிவிடுமா?
– வாசகர், அண்ணா நகர், மதுரை

கால் தயாராகும், ரத்தம் தயாராகாது. தமிழ்நாட்டில் மிக உயரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். உயரத்தால் வரும் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும். கொடைக்கானலில் உங்களுக்கு மூச்சு வாங்கினால் பெரும்பாலும் அது பழக்கம் இல்லாததுதான். அங்கே 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. பதிவு செய்த இடத்தில் நாள்வாரி அட்டவணையை வாங்கி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தலைவலியோடு மேலும் ஏறச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நிற்கும்போதே தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, இரவானாலும் உடனே கீழே இறங்க வேண்டும். அட்டவணையை எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.