கியூப் போட்ட பிறகு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சிவில் டிப்ளமோ மூன்றாம் ஆண்டு மாணவி நான். தரக் கண்காணிப்புப் பயிற்சிக்காக ஒரு மாதம் சைட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கியூப் (வலிமையைச் சோதிக்க அச்சில் வார்க்கும் கான்கிரீட் கட்டி) போடச் சொல்கிறார்கள், ரிஜிஸ்டர் எழுதச் சொல்கிறார்கள். இதையெல்லாம் லேபிலேயே செய்தாயிற்று. சைட்டில் புதிதாக எதைக் கற்றுக்கொள்வது?

எம்.

அன்புள்ள எம்.,

லேபில் கலவை உங்கள் கையில் இருந்தது. சைட்டில் அது லாரியில் வருகிறது. நீங்கள் கியூப் எடுத்து நகர்ந்ததும், "கெட்டியா இருக்கு, பம்ப் இழுக்கல" என்று யாராவது டிரம்முக்குள் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். கியூபில் ஒரு கான்கிரீட், ஸ்லாபில் தண்ணீர் கூடி வலு குறைந்த வேறொரு கான்கிரீட். 28ஆம் நாள் கியூப் பாஸாகிவிடும். அது தொட்டியில் ஊறிக்கொண்டிருக்க, ஸ்லாப் வெயிலில் காய்ந்துகொண்டிருப்பதும் உண்டு. சாதா சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்டுக்கும் கடும் வெயிலுக்கும் 10 நாள் ஈரம் வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. ஆகவே கியூப் எடுத்ததும் ஆபீஸுக்குப் போய்விடாதீர்கள். லாரி காலியாகும்வரை நில்லுங்கள். எந்த லாரி எந்த இடத்தில் கொட்டியது என்று குறித்து வையுங்கள். தண்ணீர் சேர்ப்பதைப் பார்த்தால் சைட் இன்ஜினியரிடம் அப்போதே சொல்லுங்கள்.

அப்புறம் பால்கனி. வெளியே நீளும் ஸ்லாபில் மெயின் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும் என்று பரீட்சையில் எழுதியிருப்பீர்கள். முதல் நாள் செக்கிங்கில் அது சேர் (மேல் கம்பியைத் தாங்கும் வளைத்த கம்பித் துண்டு) மேல் சரியாகத்தான் உட்கார்ந்திருக்கும். கான்கிரீட் போடும் அன்று பைப் பிடிப்பவர், வைப்ரேட்டர்காரர் எல்லோரும் அதை மிதித்துத்தான் நடப்பார்கள். 125 மி.மீ. ஸ்லாபில் அந்தக் கம்பி 40 மி.மீ. இறங்கினால் தாங்கும் திறனில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். கான்கிரீட் மூடிவிட்டால் அது யார் கண்ணுக்கும் தெரியாது, எந்தக் கியூபும் காட்டிக்கொடுக்காது. நடக்கப் பலகை போட்டிருக்கிறார்களா, கம்பி கட்டுகிறவர் ஒருவராவது கடைசிவரை கூட இருக்கிறாரா என்று பாருங்கள்.

வேலையை நிறுத்தும் அதிகாரம் பயிற்சி மாணவிக்குக் கிடையாது, சரிதான். ஆனால் "அண்ணே, இங்க சேர் சாஞ்சிருக்கு" என்று மேஸ்திரியிடம் மரியாதையாகச் சொன்னால் பெரும்பாலும் அவரே நிமிர்த்திக் கட்டச் சொல்லிவிடுவார். கான்கிரீட் விழுவதற்கு முன் அது இரண்டு நிமிட வேலை.

இந்த மாதம் எந்த ஸ்லாப் எப்போது போடுகிறார்கள் என்று நாளைக்கே கேளுங்கள். கம்பி செக்கிங், கான்கிரீட், கியூரிங் (ஈரம் காப்பது) என்று அந்த ஒரு ஸ்லாபுக்கு மட்டும் கூடவே இருக்க அனுமதி வாங்குங்கள். ரிஜிஸ்டரைச் சாயங்காலம் எழுதிக்கொள்ளலாம்.