ஒரு கிராமப்புற மாவட்டத்தின் சுற்றுச்சூழலை மதிப்பிட எங்கிருந்து தொடங்குவது? அந்த மதிப்பீடு திட்டமிடலுக்கு உண்மையிலேயே பயன்படுமா?

கேள்வி கேட்டவர் சென்னையில் முதுகலை படிப்பவர். திருவள்ளூர் மாவட்டத்தின் கிராமப்புற வட்டங்களை எடுத்துக்கொண்டு காற்று, நீர், மண், பல்லுயிர், கழிவு என்று தலைப்பு வாரியாகத் தரவு திரட்டப் போகிறாராம். அதை நீடித்த வளர்ச்சித் திட்டத்துக்கு வழிகாட்டும் அறிக்கையாக எழுத வேண்டும் என்கிறார். கிண்டியில் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் எனக்குச் சோறு போடுவதே இந்த வேலைதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தத் தலைப்புப் பட்டியலை ஓரமாக வையுங்கள். இந்த மாவட்டத்தில் அடுத்த பத்து வருடத்தில் யார் என்ன முடிவெடுக்கப் போகிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். அடுத்த தொழிற்பேட்டை எங்கே வரும், பள்ளம் நிரப்பப் பயன்படும் சவுடு மண் எடுக்க எந்த ஊரில் அனுமதி, எந்த ஏரிக்குத் தூர்வாரப் பணம், எந்த நஞ்சையை மனையாக மாற்றலாம் என்கிற மாதிரி முடிவுகள். அந்த முடிவுகளில் ஒன்றையாவது மாற்றக்கூடிய தகவலைத்தான் அளக்க வேண்டும். மற்றதை அளப்பது, கல்யாணப் பேச்சே இல்லாத வீட்டில் ஜாதகம் கணித்து பீரோவில் வைப்பது போல. அப்படிப்பட்ட அறிக்கைகள் சென்னை அலுவலகங்களின் அலமாரிகளில் நிறையவே இருக்கின்றன.

இந்த விஷயத்தில் பழைய ஆட்கள் கெட்டிக்காரர்கள். 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அன்றைய செங்கல்பட்டு ஜாகீரின் (கும்பெனிக்கு வரி வசூலிக்கக் கிடைத்த பகுதி) ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தார். ஊருக்கு எத்தனை வீடு, எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, ஏரி எவ்வளவு, தோப்பு எவ்வளவு என்று எல்லாம் அதில் உண்டு. இயற்கை மேல் பாசம் ஒன்றுமில்லை, கும்பெனிக்கு வரி வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எதற்காக அளக்கிறோம் என்பதில் குழப்பம் இல்லாததால் அந்தக் கணக்கை இன்றைக்கும் ஆய்வாளர்கள் எடுத்துப் படிக்கிறார்கள்.

சரி, எதை வைத்து அளப்பது? மாவட்ட எல்லையை வைத்து அல்ல. அது நிர்வாக வசதிக்குப் போட்ட கோடு. திருவள்ளூரின் தலையெழுத்தில் பாதி மாவட்டத்துக்கு வெளியே எழுதப்படுகிறது. கொசஸ்தலை ஆறு காவேரிப்பாக்கம் ஏரியின் உபரி நீரிலிருந்து தொடங்குகிறது; அது ராணிப்பேட்டை மாவட்டம். அந்த ஏரிக்குத் தண்ணீர் வருவது பாலாற்று அணைக்கட்டிலிருந்து. நகரியாறு ஆந்திராவிலிருந்து வந்து பூண்டி ஏரிக்கு மேலே சேர்கிறது. ஆந்திராவின் பிச்சாட்டூரில் அணையைத் திறந்தால் ஊத்துக்கோட்டையில் ஆரணியாறு கரைபுரள்கிறது. ஆகவே ஆற்றுப்படுகையை எடுத்துக்கொண்டு அதற்குள் ஏரித் தொடர்களாகப் பிரியுங்கள். ஒரு ஏரி நிரம்பிக் கலங்கல், அதாவது உபரி நீர் வெளியேறும் சுவர், வழிந்தால் அடுத்த ஏரி, அது வழிந்தால் அதற்கடுத்தது. இந்தத் தொடர்தான் உங்கள் அலகு. ஒரு தொடரின் தலையில் நடப்பது வால் ஊரில் தெரியும். அறிக்கையில் வட்டம் வாரியாக அட்டவணை கேட்பார்கள். கடைசியில் பிரித்துக் கொடுத்துக்கொள்ளலாம்.

ஏரித் தொடரை வரைய செயற்கைக்கோள் படம் மட்டும் போதாது. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடும் (ஊரின் நிலப் பதிவேடு) புலப்படமும் (நில அளவை வரைபடம்) இருக்கும். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு ஊரில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஏரிக் கரையை அரசுப் பணத்தில் பலப்படுத்தி, அலைக்கல் பதித்து, மதகுக்குப் புது ஷட்டர் போட்டிருந்தார்கள். கலங்கல் சுவரில் வெள்ளை வண்ணத்தில் திட்டத்தின் பெயர், தொகை எல்லாம் பளிச்சென்று இருந்தது. ஏரிக்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. பதிவேட்டில் 'வாய்க்கால்' என்று போட்ட நீளமான ஒரு புல எண் இருந்தது, அதுதான் வரவுக்கால், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வழி. அதைத் தேடிப் போனால், வளைவு வைத்த ஒரு 'நகர்'. மஞ்சள் கல் நட்ட மனைகளுக்கு நடுவே வாய்க்கால் சாலையாகியிருந்தது. அடியில் ஒரு சிமென்ட் குழாய், அதிலும் பாதி மண். கூட வந்த நீர்க்கட்டி, அதாவது மடை திறந்து தண்ணீர் பாய்ச்சும் பெரியவர், சொன்னார்: "கரை நல்லாத்தான் போட்டிருக்காங்க சார். தண்ணி எந்தப் பக்கமா வரும்னு யாரும் கேக்கல." அந்த ஊருக்கு இனி எத்தனை முறை தூர்வாரினாலும் பலன் குழாய் அளவுக்குத்தான். இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு பழைய காகிதமும் நல்ல செருப்பும் போதும்.

அடுத்து நிலத்தடி நீர். தமிழ்நாட்டில் இதைப் பல வருடம் குறுவட்டம், அதாவது பிர்கா, அளவில் மதிப்பிட்டு வந்தார்கள். ஒரு வருடத்தில் எடுக்கத்தக்க நீரில் எவ்வளவு எடுக்கிறோம் என்பதுதான் கணக்கு. 70 சதவீதம் வரை பாதுகாப்பு, 90 வரை பாதி அபாயம், 100 வரை அபாயம், அதற்கு மேல் அதிநுகர்வு. உவர்நீர்ப் பகுதிக்குத் தனி வகை. இந்த வகைப்பாட்டை அப்படியே வண்ணம் தீட்டி ஒட்டுவதுதான் வழக்கம். அதில் இரண்டு பொறி இருக்கிறது. நல்ல மழை பெய்த வருடத்தில் சதவீதம் தானாக இறங்கும், ஊர் திருந்திவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. பல வருடத்துக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இன்னொன்று, அளவைப் பார்த்தால் தரம் தெரியாது. மீஞ்சூர்ப் பக்கம் 1960களின் கடைசியிலிருந்து தொழிற்சாலைகளுக்கும் சென்னைக்கும் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து உறிஞ்சியதில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. 1987-ல் சென்னைப் பெருநகரப் பகுதிக்கென்று நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஒருமுறை உப்பேறிய மணலடுக்கு ஒரு மழைக்காலத்தில் திரும்பிவிடாது.

களத்தில் உப்பளவுக் கருவி கொண்டு போங்கள், கையடக்கமானது போதும். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆனால் கருவியை எடுப்பதற்கு முன் வீட்டில் இருப்பவர்களிடம் "இந்தத் தண்ணியில பருப்பு வேகுதாம்மா?" என்று கேளுங்கள். கடினத்தன்மை ஏறிய தண்ணீரில் பருப்பு எத்தனை விசில் விட்டாலும் கல்லாக நிற்கும். எந்த வருடத்திலிருந்து வேகவில்லை, எந்த மாதத்தில் வேகவில்லை என்று அவர்கள் சொல்வது எந்தத் தரவு மையத்திலும் கிடைக்காத காலவரிசை.

செயற்கைக்கோள் படத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். சென்டினல் படங்கள் இலவசம், பத்து மீட்டர் துல்லியம். லாண்ட்சாட்டில் பழைய வருடங்களின் படமும் கிடைக்கும், அதுவும் இலவசம். ஆனால் மென்பொருள் வகைப்படுத்திக் கொடுப்பதை நம்பிவிடாதீர்கள். மே மாதப் படத்தில் அடர் பச்சையாகத் தெரிவது பல இடங்களில் காடு இல்லை, வற்றிய ஏரிக்குள் மண்டிய வேலிகாத்தான், அதாவது சீமைக்கருவேலம். கோடையிலும் நீலமாகத் தெரியும் 'நீர்நிலை' கைவிட்ட கல்குவாரிக் குட்டையாக இருக்கும். பருவமழைக் காலத்தில் மேகம் மறைக்கும் என்பதால் ஜனவரிப் படத்தையும் மே படத்தையும் ஜோடியாக எடுத்துக்கொள்வது என் பழக்கம்.

இதைவிட ஆபத்தானது 'தரிசு' என்ற சொல். அரசின் ஒன்பது வகை நிலப் பயன்பாட்டுக் கணக்கில் ஒரு வருடத்துக்குள் பயிர் வைக்காதது நடப்புத் தரிசு, ஐந்து வருடம் வரை பிற தரிசு, அதற்கும் மேல் என்றால் சாகுபடிக்கேற்ற தரிசு. நெடுஞ்சாலை ஓரத்தில் தரிசு கூடுகிறது என்றால் மண் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் நிலம் கைமாறி, விலை ஏறட்டும் என்று சும்மா கிடக்கிறது. இன்னொரு பக்கம், ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலமான மேய்க்கால் புறம்போக்கை 'காலி நிலம்' என்று எழுதிவிட்டால் தொழிற்பேட்டைக்கு முதலில் போவது அதுதான். அங்கே ஆடு மாடு மேய்ப்பவர்கள், வரப்பில் எலி பிடித்து விறகு பொறுக்கும் இருளர் குடும்பங்கள், இவர்களுக்குப் பட்டா கிடையாது, அதனால் அட்டவணையிலும் இடம் கிடையாது. பழவேற்காட்டில் மீனவர்கள் முறை வைத்து வலை போடும் 'பாடு' வழக்கமும் இப்படித்தான், எந்த வருவாய்ப் பதிவேட்டைப் புரட்டினாலும் தெரியாது. அதற்கென்று ஒரு நாள் ஒதுக்கி ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்டதை வரைபடத்தில் ஏற்றவும் வேண்டும், பின்னிணைப்பில் போட்டுப் புதைக்கக் கூடாது.

காலம் பற்றி ஒரு வார்த்தை. தனித்தனித் திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் பெரும்பாலும் மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில் மூன்று மாதத் தரவு எடுத்தால் போதும், திட்ட இடத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் பார்த்தால் போதும். வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் மாவட்டத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்ன நடக்கிறது என்று பார்க்காமல் எழுதுவது எனக்கு ஒருபோதும் புரிந்ததில்லை. மாவட்ட அளவிலான உங்கள் வேலைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சொர்ணவாரி, சம்பா, நவரை மூன்று போகத்திலும் ஒரு தடவையாவது அதே ஊர்களுக்குப் போய்ப் பாருங்கள். சம்பா மட்டும் வைத்து மற்ற இரண்டையும் விட்ட ஊர், தன் தண்ணீர்க் கணக்கை உங்களுக்குச் சொல்லிவிட்டது என்று அர்த்தம்.

அரசு ஏற்கெனவே எதுவும் செய்யவில்லையா என்றால், செய்திருக்கிறது. 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாவட்டந்தோறும் சுற்றுச்சூழல் திட்டம் தயாரிக்கச் சொன்னது. குப்பை, நீர்த்தரம், வீட்டுக் கழிவுநீர், ஆலைக் கழிவுநீர், காற்று, சுரங்கம், ஒலி என்று அதற்கு வடிவம் கொடுத்தார்கள். நகரத்துக்குப் பொருத்தமான வடிவம். ஏரித் தொடருக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் அதில் கட்டம் இல்லை. அதை வாங்கிப் படியுங்கள், தரவை எடுத்துக்கொள்ளுங்கள், வடிவத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சென்னைக்குப் பக்கத்து மாவட்டம் என்பதால் உங்கள் அறிக்கையில் ஒரு அத்தியாயம் கட்டாயம் வேண்டும்: மாவட்டத்திலிருந்து வெளியே போவது என்ன, உள்ளே வருவது என்ன. பூண்டி ஏரி 3,231 மில்லியன் கன அடி, அது சென்னைக்குக் குடிநீர். 2019 கோடையில் நகரம் தவித்தபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். சுற்றுவட்டக் கிராமக் கிணறுகளிலிருந்து இரவும் பகலும் ஓடிய லாரிகள் அவ்வளவாக நினைவிருக்காது. சவுடு, ஆற்று மணல், செங்கல் எல்லாம் மாவட்டத்திலிருந்து சென்னைக்கு வருகிறது. பதிலுக்கு மாவட்டத்துக்குப் போவது குப்பை, கட்டட இடிபாடு, கழிவுநீர் லாரி. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். அதாவது நீங்கள் 'கிராமப்புறம்' என்று எழுதப்போகும் ஊர்களில் பலவற்றுக்கு நகரத் திட்டம் வரப்போகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை எண்ணில் காட்டாத அறிக்கையால் ஊராட்சித் தலைவர் ஒருவருக்கும் பிரயோஜனம் இல்லை.

கடைசியில் கொடுக்க வேண்டியது ஒரு வரைபடம். 'வளர்ச்சிக்கு ஏற்ற இடங்கள்' வரைபடம் போட நூறு பேர் இருக்கிறார்கள். நீங்கள் 'இங்கே இதைச் செய்யக் கூடாது' வரைபடம் போடுங்கள், புல எண்ணோடு. இந்த வரவுக்கால் மேல் சாலை கூடாது, இந்த மணலடுக்கு மேல் ஆழ்துளை கூடாது, இந்தத் தொடரின் தலை ஏரியில் சவுடு எடுக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் காரணம் இரண்டு வரி. ஆட்சியர் அலுவலகத்தில் கோப்பு நகரும்போது புல எண் இருந்தால்தான் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். 'சூழலியல் முக்கியத்துவம் வாய்ந்த பகுதி' என்று பொதுவாக எழுதினால் அது யாருடைய நிலமும் இல்லை.

தரவுக்கு அலைச்சல் அதிகம் இல்லை. மழை அளவு நுங்கம்பாக்கம் வானிலை மையத்தில், நிலத்தடி நீர் பெசன்ட் நகர் ராஜாஜி பவனிலும் தரமணியிலும் உள்ள நிலத்தடி நீர் அலுவலகங்களில், பழைய ஆவணங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில். எல்லாம் ஒரு பஸ் பாஸ் தூரம்தான். தரவு கேட்கும் கடிதத்தில் உங்கள் துறைத் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் இருக்கட்டும், இல்லையென்றால் நாளை வா என்பார்கள்.

வரைவு வரைபடம் தயாரானதும் பெரிய ஃப்ளெக்ஸில் அச்சடித்து கிராம சபைக்கு எடுத்துப் போங்கள். தப்பெல்லாம் அங்கே பத்து நிமிடத்தில் வெளியே வரும். வருடத்துக்கு ஆறு கூட்டம். நவம்பர் 1 மழையில் கரைந்துவிடும், ஜனவரி 26-ல் கொடியேற்றிவிட்டு அவசரமாகக் கலைவார்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கூட்டம்தான் இதற்குச் சரி: நவரை வயலில் நிற்கும், ஏரியில் மிச்சம் எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும், பேச்சும் தண்ணீரைப் பற்றியே இருக்கும். உங்கள் ப்ராஜெக்ட் கால அட்டவணையில் முதலில் அந்தத் தேதியைக் குறித்துவிட்டு, மற்ற வேலைகளை அதற்கு முன்னும் பின்னும் நிரப்புங்கள்.