குவாதலூப் போகக் கடன் எடுக்கலாமா?

கேள்வி: ஸ்காபரோவில் இருக்கிறோம். நான், கணவர், 16, 12 வயதில் இரண்டு பிள்ளைகள், 71 வயது மாமி. மார்ச் பிரேக்குக்கு, அதுதான் மார்ச் மாதப் பள்ளி விடுமுறைக்கு, கரீபியன் பக்கம் போக யோசனை. டொமினிக்கன் குடியரசின் புன்ற கானாவில் ஓல் இன்குளூசிவ் (சாப்பாடும் அடங்கிய விடுதி) ஆளுக்கு 2,100 டொலர் என்கிறார்கள், இவருக்கு அது போதும். ஒரு கிழமை கடற்கரையில் படுத்துக் கிடக்க எனக்கு விருப்பமில்லை. பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் எங்கட ஆட்கள் கட்டிய கோயில்கள் இருக்கு என்று கேள்விப்பட்டு மாமியும் அங்கதான் என்கிறா. ரிஎஃப்எஸ்ஏயில் (வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) 9,000 இருக்கிறது. மிச்சத்துக்கு லைன் ஒஃப் கிரெடிட்டில் (வங்கியின் சுழற்கடன்) 4,000 எடுப்பதா, இந்த வருடம் பிள்ளைகளின் ஆர்ஈஎஸ்பிக்கு (படிப்புக்கான சேமிப்புக் கணக்கு) போடாமல் விடுவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். மார்ச்சை விட்டுவிட்டு, ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் விட்டதும் போங்கள்.

முதலில் ஆர்ஈஎஸ்பி. பிள்ளைக்கு 2,500 போட்டால் அரசாங்கம் 500 போடுகிறது. தவறிய வருடத்தை அடுத்த வருடம் சேர்த்துப் போடலாம் என்பது சரிதான். சின்னவருக்கு அதற்கு அவகாசம் இருக்கிறது. மூத்தவருக்கு 16. அந்த மானியம் 17 வயதாகும் வருட முடிவோடு நின்றுவிடும். இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் அவருக்கு மட்டும் 5,000 தேட வேண்டும், தேட முடியாவிட்டால் 500 போனது போனதுதான்.

கடனுக்கு வருவோம். இது ஒக்ரோபர் கடைசி. பள்ளிக்கூடம் விடும் ஜூன் கடைசிக்கு எட்டு மாதம் இருக்கிறது. மாதம் 500 ஒதுக்கினால் நீங்கள் கடன் வாங்க நினைத்த அதே 4,000. மாதம் 500 ஒதுக்க வழியில்லை என்றால் அந்தக் கடனை எதைக் கொண்டு கட்டுவீர்கள்? மார்ச் பிரேக்குக்கு ஒன்ராறியோ முழுக்கப் பெட்டி கட்டும், ரிக்கெட் விலையும் உச்சத்தில் நிற்கும். சூறாவளிப் பருவம் ஜூன் 1இல் தொடங்கினாலும் அது உக்கிரமாவது ஓகஸ்ற் நடுப்பகுதிக்குப் பிறகு. மழை பெய்யும், குடை கொண்டு போங்கள். கோடையில் சர்காசம் என்ற கடற்பாசி வந்து அத்திலாந்திக் பக்கக் கரைகளில் குவிந்து நாறும். கடற்கரைக்காகப் போகிறவர்கள் அதற்குப் பயந்து வேறு தீவு தேடுவார்கள். உங்களுக்கு அதனால் என்ன?

அந்த 2,100 விடுதிக்குள்ளேயே இருப்பவருக்கான விலை. வாசலைத் தாண்டி ஊர் பார்க்கப் போகும் ஒவ்வொரு நாளும், ஏற்கெனவே காசு கட்டிய மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு வெளியே இன்னொரு தரம் கட்டுவீர்கள். ஐந்து பேருக்கு 10,500 கொடுத்துவிட்டு அப்படிச் செய்வது வீண். குவாதலூப்பில் சமையலறையோடு வாடகைக்கு வீடு எடுங்கள், ஒரு கார் எடுங்கள். அங்கே பஸ்ஸை நம்பி மலைக்கோ கோயிலுக்கோ போய்வருவது கஷ்டம். காரில் இரண்டு விஷயம். பிரெஞ்சுத் தீவுகளில் வாடகைக் கார் பெரும்பாலும் மனுவல். ஓட்டோமற்றிக் குறைவு, விலையும் கூட, இப்போதே பதிந்துவையுங்கள். பிணையாகக் கடனட்டையில் பெரிய தொகையை முடக்கி வைப்பார்கள், அட்டையில் அந்த அளவு இடம் இருக்க வேண்டும், பெயரும் ஓட்டுநரின் பெயராக இருக்க வேண்டும். கடையில் அட்டையைப் போடும்போது கனடா டொலரா யூரோவா என்று மெஷின் கேட்டால் யூரோவை அழுத்துங்கள். நம்முடைய பெரும்பாலான அட்டைகள் வெளிநாட்டுச் செலவுக்கு 2.5 வீதம் எடுக்கும். கனடா டொலரை அழுத்தினால் கடைக்காரன் பக்கத்து வங்கி தன் இஷ்டப்படி அதைவிடக் கூட எடுக்கும்.

ரொறன்ரோவிலிருந்து பெரும்பாலும் மொன்றியலில் மாறவேண்டி வரும். இரண்டு விமானத்தையும் ஒரே ரிக்கெட்டில் எடுங்கள். ரிஎஃப்எஸ்ஏயில் உங்கள் இடம் (போட அனுமதித்த உச்ச அளவு) நிரம்பியிருந்தால் ரிக்கெட்டுக்கான காசை டிசம்பருக்குள் எடுங்கள். எடுத்த இடம் ஜனவரி 1ஆம் திகதி திரும்பி வந்துவிடும். ஜனவரியில் எடுத்தால் அதற்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அந்த 9,000ஐ விட அவசரத்துக்கு வேறு சேமிப்பு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் பாதிக்கு மேல் தொடாதீர்கள், ஏழு இரவை ஐந்தாக்குங்கள்.

குறைக்கக்கூடாத செலவு மாமியின் காப்புறுதி. வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் படுத்தால் ஓஹிப் (ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி) நாளொன்றுக்கு 200 டொலர், தீவிர சிகிச்சை என்றால் 400 டொலர் வரைதான் தரும். பிரஷர் குளிசையின் அளவை அண்மையில் மாற்றினார்களா என்று கேளுங்கள். பல பொலிசிகளில் புறப்பட முன் 90 அல்லது 180 நாளுக்குள் அளவு மாறியிருந்தால், குறைத்திருந்தாலும்கூட, அந்த நோய்க்குக் காப்பு இல்லை. விண்ணப்பத்தை மாமியின் மருந்துப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

பார்க்க வேண்டியதில் பாதிக்குப் பெரிய செலவில்லை. சூஃப்ரியேர் எரிமலை 1,467 மீற்றர், பிள்ளைகளோடு காலையிலேயே ஏறுங்கள், மாமி வீட்டில் இருக்கட்டும். புவாந்த் ஆ பீத்ரில் பழைய சீனி ஆலை நின்ற நிலத்தில் 2015இல் திறந்த அடிமை வரலாற்று நினைவகம் இருக்கிறது. அதை முதலில் பாருங்கள், கோயில் அப்போதுதான் விளங்கும். 1848இல் அடிமைமுறை ஒழிந்து கரும்புத் தோட்டத்துக்கு ஆள் இல்லாமல் போனதும் இந்தியாவிலிருந்து கூலிகளைக் கொண்டு வந்தார்கள். முதல் கப்பல் ஓரேலி, 1854 டிசம்பர் 24. 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர், அதில் பெரும்பகுதி புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேறியவர்கள். நீங்கள் கேள்விப்பட்ட கோயில்களில் ஒன்றான சாங்ஜி கோயில் காப்பெஸ்தேர் ஊரில். கார்பே அருவிக்குப் போகும் பாதையும் அதே ஊரால்தான், ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாம்.

அங்குள்ளவர்கள் பேசுவது கிரியோலும் பிரெஞ்சும், தமிழ் பூசைப் பாட்டில்தான் மிஞ்சியிருக்கிறது. மாரியம்மனுக்கு ஆடு வெட்டும் வழக்கமும் இருக்கிறது. மாமி சைவம் என்றால் போகும் நாளை முதலே விசாரித்துக்கொள்ளுங்கள்.