அமைதியான தங்கைக்குப் பழவாசனை சென்ட் சரிவருமா?

அதிகம் பேசாத தங்கைக்குப் பழமும் பூவும் கலந்த சென்ட் வாங்கித் தந்தால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். அப்படியெல்லாம் இல்லை. கெர்லான் என்ற பிரெஞ்சு சென்ட் நிறுவனம் 1919-இல் கொண்டுவந்த மிட்சுக்கோவிலேயே பீச் பழ வாசனை உண்டு. விளையாட்டுத்தனம் துளியும் இல்லாத சென்ட் அது.

பழத்தோடு எது சேர்கிறது என்பதுதான் விஷயம். வனிலாவோ கேரமலோ சேர்ந்தால் மிட்டாய் மாதிரி ஆகிவிடும். கலகலப்பான ஆளுக்கு அது எடுப்பாக இருக்கும். உங்கள் தங்கைக்கு என்றால் பேரிக்காயும் பியோனிப் பூவும், அடியில் லேசாக வெள்ளைக் கஸ்தூரியும் (மென்மையான செயற்கைக் கஸ்தூரி வாசனை) உள்ளதாகப் பாருங்கள். பக்கத்தில் வருபவருக்கு மட்டும்தான் தெரியும், அவள் பேச்சைப் போலவே.

கடையில் சென்ட் அடித்துத் தரும் அட்டையை முகர்ந்ததும் பில் போடச் சொல்லிவிடாதீர்கள். முதலில் மூக்கில் ஏறும் பழவாசனை சீக்கிரமே அடங்கிவிடும். மணிக்கட்டில் ஒருமுறை அடித்து, தேய்க்காமல் விடுங்கள். அரை மணி நேரம் சுற்றிவிட்டு அப்புறம் முகர்ந்து பாருங்கள்.