மடிக்கணினியை மென்பொருளால் ஓவர்கிளாக் செய்வது நடைமுறைக்கு ஒத்துவருமா?

ஓவர்கிளாக் என்றால், செயலியைத் தயாரிப்பாளர் வைத்த வேகத்துக்கு மேல் ஓடவைப்பது. பெரும்பாலான மடிக்கணினிகளில் இதைச் செய்யவே முடியாது. முடிகிற சிலவற்றிலும் பட்ட பாட்டுக்குப் பலன் இருக்காது. ஒரு கோடை முழுக்க இதோடு மல்லுக்கட்டியவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

என்னுடையது இன்டெல் கோர் ஐ7-8750எச். அடிப்படை வேகம் 2.2 கிகாஹெர்ட்ஸ், வேலை கூடும்போது தானாக ஏறும் டர்போவில் 4.1 வரை போகும். இன்டெல்லே தருகிற எக்ஸ்டிரீம் டியூனிங் யுட்டிலிட்டி என்ற மென்பொருளை நிறுவி, வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கெண்ணான மல்டிபிளையரை ஏற்றப் பார்த்தேன், அசையவில்லை. பூட்டிய செயலி. மடிக்கணினிகளில் பெயர் எச்கே, எச்எக்ஸ் என்று முடிகிறவற்றுக்குத்தான் பொதுவாக அந்தப் பூட்டு இருக்காது. உங்களுடையது யு என்று முடிந்தால் தேடலை இத்துடன் நிறுத்திவிடலாம்.

பூட்டு இல்லாவிட்டாலும் என்ன கிழித்திருப்பேன்? வீடியோ ஒன்றை என்கோட் செய்ய, அதாவது வேறு வடிவத்துக்கு மாற்ற, கொடுத்தால் முதல் அரை நிமிடம் துள்ளும். பிறகு வெப்பம் 95 டிகிரியைத் தொடும், விசிறி இரையும், வேகம் 3 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கிவிடும். 4.1-ஐயே தாங்காத பெட்டிக்கு 4.5 எதற்கு?

அதனால் எதிர்த்திசையில் போனேன். ஒரே வேகத்தில் ஓடும்போது சிப் எடுக்கும் மின்திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். 1.1 வோல்ட்டை 1.0 ஆக்கினால் ஏறத்தாழ 17 சதவீதம் மிச்சம். த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளில் மின்னழுத்தத்தைப் பத்துப் பத்து மில்லிவோல்ட்டாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். 140 குறைத்ததும் கணினி முடங்கி நீலத்திரை விழுந்தது; 120-க்குத் திரும்பி அங்கேயே நின்றுகொண்டேன். அதே என்கோட் வேலையில் வெப்பம் பத்து டிகிரி குறைந்தது, வேகமோ 3.3-ஐ விட்டு இறங்கவில்லை.

அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. மின்னழுத்தத்தை மென்பொருள் வழியே குறைத்து, இன்டெல் செயலிகளின் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் கணக்குப் பிழைகளை உண்டாக்க முடியும் என்று 2019 டிசம்பரில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தத் தாக்குதலுக்கு பிளண்டர்வோல்ட் என்று பெயர். அதற்குப் பிறகு வந்த பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்புகள் பல, இந்த வசதியையே பூட்டிவிட்டன. என் கணினியும் ஓர் இரவில் தானாகப் புதுப்பித்துக்கொண்டு, பூட்டிக்கொண்டது.

கிராஃபிக்ஸ் சிப்பில் மட்டும் கொஞ்சம் இடம் உண்டு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் அதன் வேகத்தை 100 மெகாஹெர்ட்ஸ் ஏற்றினேன். விளையாட்டில் நொடிக்கு இரண்டு மூன்று ஃபிரேம் கூடியது. எண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், கண்ணுக்குத் தெரியவில்லை. இதையும் 2015 வாக்கில் கிராஃபிக்ஸ் சிப் தயாரிக்கும் என்விடியா, தன் டிரைவர் மென்பொருளில் நிறுத்திப் பார்த்தது. பயனர்கள் கொதித்தெழுந்ததும் திருப்பிக் கொடுத்தது.

பூட்டு விழுந்த பிறகுதான் பின்மூடியைக் கழற்றும் புத்தி வந்தது. விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டுபோலப் படிந்திருந்தது. இடுக்கியால் இழுத்தபோது முழுதாக வந்தது. சிப்பின் வெப்பத்தைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தது; அதைத் துடைத்துப் புதிதாகத் தடவினேன். பூட்டால் இழந்த பத்து டிகிரி குளிர்ச்சியில் எட்டு திரும்பக் கிடைத்தது. நீங்கள் ஸ்குரூடிரைவரிலிருந்தே தொடங்குங்கள்.