மறு: தாய்ச்சி மரச்சிற்பம் பொம்மை மாதிரி நிற்கிறது

வணக்கம் நண்பரே. விரல், மூக்கு, சட்டை மடிப்பு எல்லாம் செதுக்கி உப்புத்தாளும் போட்டாயிற்று, ஆனாலும் தாய்ச்சி என்ற சீனத் தற்காப்புக் கலையின் ‘ஒற்றைச் சாட்டை’ நிலை கடைப் பொம்மை மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். படம் பார்த்தேன். எடை இரண்டு காலிலும் சரிபாதியாக இருக்கிறது, அதுதான் கோளாறு. அந்த நிலையில் பெரும்பங்கு எடை மடங்கிய முன்காலுக்குப் போக வேண்டும்.

தைவான் சிற்பி ஜூ மிங்கின் தாய்ச்சி வரிசையைத் தேடிப் பாருங்கள். கோயில் மரவேலையில் கை தேர்ந்தவர், நுணுக்கம் வராமல் இல்லை. ஆனால் இதில் முகத்தையும் விரலையும் விட்டுவிட்டார். மரத்தை நாரோட்டத்திலேயே பிளந்து, கிழிந்த தடத்தை அப்படியே நிறுத்தினார். குருவின் யோசனையில் தாய்ச்சி பழகியவர் வேறு.

அடுத்த கட்டையில் முடிச்சு இருக்கக் கூடாது. நீட்டிய பின்கால் நாரோட்டத்தோடு போகும்படி கரியால் கோடு போடுங்கள். பிளவு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே முதலில் ரம்பத்தால் வெட்டிவிட்டு, அப்புறம் ஆப்பு வையுங்கள். அந்த வெட்டை மறந்துதான் என் முதல் உருவத்தின் கை அடுப்புக்குப் போனது! உப்புத்தாளை மட்டும் தொடாதீர்கள்.