வாசகர் கேள்வி: அலைக்கோடும் லொறி ஸ்பிறிங்கும்

கேள்வி: ஜப்பானிய வாக்கிசாஷி போன்ற குறுவாளொன்றை வீட்டில் காட்சிக்கு வைப்பதற்காக, எங்கள் ஊர்க் கொல்லரிடம் லொறி ஸ்பிறிங் தகட்டில் அடிப்பிக்க எண்ணியுள்ளேன். அலகில் தெரியும் அலைக்கோடும் வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: கொல்லரிடம் முற்பணம் கொடுக்குமுன், இத்தகைய வாளைச் செய்விக்கவும் வைத்திருக்கவும் தடையுண்டா என உங்கள் பொலிஸ் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது நீளம். ஜப்பானிய நீள அளவான ஒரு ஷாக்கு ஏறத்தாழ 30.3 சென்ரிமீற்றர், அலகு ஒன்று முதல் இரண்டு ஷாக்கு வரை இருந்தால் வாக்கிசாஷி, ஒன்றுக்குக் குறைந்தால் தான்தோ.

உங்கள் விருப்பத்தில் ஒரு முரண் இருக்கிறது. ஜப்பானியர் ஹாமோன் எனும் அலைக்கோடு வரையப்படுவதன்று. முதுகில் தடிப்பாகவும் வெட்டும் விளிம்பான வாய்ப்பக்கத்தில் மெல்லியதாகவும் களிமண் பூசி, அலகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கும்போது, வாய் சட்டென்று ஆறிக் கடினமாகிறது. முதுகோ மெதுவாக ஆறி மென்மையாகவே நிற்கிறது. இரண்டும் சந்திக்கும் எல்லையே அந்தக் கோடு. வாளின் வளைவும் பெருமளவு அந்தத் தோய்ச்சலிலேயே பிறக்கிறது. லொறி ஸ்பிறிங்கோ பெரும்பாலும் குரோமியம், மங்கனீசு போன்றவை கலந்த உருக்கு. அதை எண்ணெயில் தோய்ப்பதே வழக்கம், மெதுவாக ஆறினாலும் ஆழம் வரை கடினமாகிவிடும். ஆகவே கோடு மங்கலாகவே விழும். வளைவையும் முன்கூட்டியே அடித்து எடுக்க வேண்டும். அமிலம் தடவிக் கோடு போட்டுத் தருவதாக யாராவது சொன்னால் தயவுசெய்து உடன்படாதீர்கள். அது வெறும் கறை.

கோடுதான் முக்கியமென்றால், தான்தோ அளவுக்கு இறங்கி, முழுவதும் உயர்கரி உருக்காலான பழைய பெரிய அரமொன்றைக் கொல்லரிடம் கொடுங்கள் என்பேன். பற்களை முழுதாகத் தேய்த்த பிறகே அடிக்க வேண்டும்; இல்லையேல் அந்தப் பள்ளங்களிலிருந்து வெடிப்பு ஓடும். தண்ணீரில் இறக்கும் கணத்தில் ‘டிக்’ என்று சிறு ஓசை கேட்டால், வாய் வெடித்துவிட்டது, வேறு அரம் தேட வேண்டியதுதான்.

கைப்பிடிக்கு வேண்டியவை நம் பக்கத்திலேயே உண்டு. ஜப்பானியர் மரப்பிடியின்மேல் திருக்கைத் தோலைப் போர்த்தி, அதன்மேல் நாடா சுற்றுவர். தோலின் சொரசொரப்பு நாடாவை நகரவிடாது. தோலை மீனவரிடம் கேளுங்கள். நாடாவை மருதமுனை நெசவாளரிடம் பருத்தியில் இறுக்கமாக நெய்விக்கலாம். பிடியையும், அதனுள் செருகப்படும் அலகின் வாலையும் பிணைப்பது மூங்கில் ஆணி ஒன்றே.

உறைக்குத் தேக்கு வேண்டாம், அதில் எண்ணெய்ப் பசை உண்டு. மென்மையான, நன்கு காய்ந்த மரமே நல்லது. அலகின் அடியிலுள்ள ஹபாகி எனும் உலோகப் பட்டை மட்டும் உறைவாயை இறுகப் பற்ற வேண்டும். கடற்காற்றில் துரு விரைவாக ஏறும் என்பதால், மாதமொருமுறை துடைத்து மெல்லிய எண்ணெய் பூசுங்கள். ஜப்பானியர் பூசுவது கராம்பு மணமூட்டிய எண்ணெய்.